கேட்காமல் திறந்த மாடி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதுவதென்றால் முதலில் அவரிடம் ஒரு சொல் கேட்கவேண்டும். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை. தோட்டத்தில் எல்லாரும் அவரை ஸ்டோர் அக்கா என்றார்கள். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வது. பதினெட்டு வருடம் அதற்குள் வேலை செய்தவர். கொழுந்து வாட்டும் மேல்மாடியைக் கூட்டுவதும், வாடிய கொழுந்தைக் கீழே தள்ளிவிடுவதும் அவருடைய வேலை. ஸ்டோரை மூடியபோது அவரைக் கூடை தூக்கி மலையில் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

எதற்கும் அனுமதி கேட்காத மனுஷி அவர். தோட்டத்து ஆபீசில் தொழிலாளிகள் வெளியே யன்னலடியில் நின்றுதான் பேசுவார்கள். இவர் முழங்கால் வலிக்கிறதென்று உள்ளே போய், விருந்தாளிகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆ, சொல்லுங்க" என்பார். கிளாக்கர்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எழும்பு என்று சொல்ல அவர்களுக்கு ஏனோ வாய் வராது. மஸ்கெலியா டவுனிலிருந்து வரும் பஸ்ஸுக்கு எங்கள் தோட்டச் சந்தியில் தரிப்பிடம் கிடையாது. அரை மைல் தள்ளித்தான் நிற்கும். ஸ்டோர் அக்கா நடு ரோட்டில் போய் நிற்பார். பஸ் நின்றுதான் ஆகவேண்டும். றைவர் சிங்களத்தில் ஏசுவான். அவரும் சிங்களத்திலேயே அவனுடைய தாயின் சுகத்தை விசாரித்துக்கொண்டு ஏறுவார்.

திமிர் என்றார்கள் சிலர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திமிர் பிடித்தவர்கள் சுற்றிலும் பார்ப்பார்கள், யார் தம்மைக் கவனிக்கிறார்கள் என்று. இவர் பார்க்கமாட்டார். தன் வீட்டு அடுப்படிக்குள் போகிறவரைப்போலப் போவார்.

நான் யாழ்ப்பாணத்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியனாகப் போனேன். என் அடையாள அட்டையில் எழுதியிருந்த பிறந்த ஊர் யுத்தம் நடந்த அந்நாளில் ஒரு குற்றம்போல. தங்கும் அறையைப் பொலிசில் பதியவேண்டும், வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கவேண்டும், ஊருக்குப் போய்வந்தால் பள்ளிக்கூட அதிபரிடம் ஒரு கடிதம். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கடிதங்கள் மடித்து வைத்திருப்பேன். எழுத்தில் இல்லாத எதுவும் என்னைக் காப்பாற்றாது என்று நம்பினேன். அவருக்கோ அடையாள அட்டையே இல்லை. தொழிலாளர்களின் லயத்து வரிசைவீட்டில் பிறந்த பிறப்பை யாரும் பதியவில்லை. தகப்பன் இந்தியாவுக்கே திரும்பிப் போவதென்று எழுதிக்கொடுத்து, கப்பல் நின்றுபோனதால் இங்கேயே செத்தவர். எந்த நாட்டுக் காகிதத்திலும் இல்லாத அந்த மனுஷிக்கு ஒரு பயமும் இல்லை. எல்லாக் காகிதமும் வைத்திருந்த எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

நான் அங்கே போய்ச்சேர்ந்த வருடம் தென்மேல் பருவமழையில் பள்ளிக்கூடக் கூரைத் தகரம் பறந்துவிட்டது. ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு. பிள்ளைகள் நனைந்துகொண்டு நின்றார்கள். அதிபர் லீவில். நான் கல்விக் கந்தோருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஸ்டோர் அக்கா கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்று பார்த்தார்.

"புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாங்க மாஸ்டர். ஸ்டோருக்குப் போவோம்."

"ஸ்டோர் பூட்டியெல்லோ கிடக்கு? ஆரிட்டக் கேக்கிறது?"

"யாரக் கேக்கணும்? மழைக்கு ஒதுங்கவா?"

கட்டடத்தின் பின்பக்கம் கொழுந்துச் சாக்குகளை ஏற்றும் இரும்புப் படி ஒன்று இருந்தது. அதன் உச்சியில் ஒரு மரக்கதவு. அவர் கதவின் அடிப்பலகையை ஒரு உதை உதைத்தார். திறந்துகொண்டது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கதவு என்றைக்கும் அப்படித்தான் திறக்குமாம்.

அந்த மாடியை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்கு. வெள்ளைக்காரன் கட்டியது. ஒரு முனையில் நின்று கத்தினால்தான் மறுமுனையில் கேட்கும், அவ்வளவு நீளம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி யன்னல்கள். பலகைத் தரையில் இன்னும் தேயிலை மணம். நடுவே கொழுந்து வாட்டும் தொட்டிகள் நீளமாகக் கிடந்தன. இடுப்பளவு உயரம், மேலே கம்பி வலை, உள்ளே காற்று ஓடும் வெற்றிடம். ஐந்து வகுப்பும் ஐந்து தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தன. கூரை போட ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை வந்தால் என்ன சொல்வது என்பதே நினைப்பு. துரை வரவில்லை. அந்தக் கட்டடம் இருப்பதையே கம்பெனி மறந்துவிட்டிருந்தது.

பிள்ளைகள் திரும்பிப் போனபிறகும் ஸ்டோர் அக்கா கதவை மூடவில்லை. பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்து, பலகைகளை ஒரு தொட்டியின் மேல் அடுக்கினார். அது மேடையாயிற்று. உள்ளே வெற்றிடம் என்பதால் மேலே ஒருவர் நடந்தாலே பெரிய மேளம்போல அதிரும். ஞாயிற்றுக்கிழமை பகலில், துணி துவைத்து முடித்த பெண்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். தோட்டத்துக் கூத்துகளில் பெண்வேடத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். இங்கே ஆண்வேடத்தையும் பெண்களே கட்டினார்கள். எழுதிவைத்த கதை எதுவும் கிடையாது. அந்தக் கிழமை மலையில் என்ன நடந்ததோ அதுதான் நாடகம். கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கென்று கழிப்பது, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டுக்களத்தில் வாங்கிய ஏச்சு, குடித்துவிட்டு வந்த புருஷன். தப்படிக்க ஒரு கிழவர் வருவார். மூன்று டிவிஷன்களிலிருந்தும் சனம் வந்து தரையில் உட்கார்ந்திருக்கும்.

ஸ்டோர் அக்காவுக்கு ஆட்களைப் பிடிக்கிற கண் இருந்தது. ஒருமுறை கணக்கப்பிள்ளையாக வந்தார். மலையில் வேலை வாங்கும் அந்தக் கணக்கப்பிள்ளை, எதையும் சொல்வதற்கு முன் குடையால் இரண்டுதரம் நிலத்தைத் தட்டுவார், மூக்கை ஒருதரம் உறிஞ்சுவார். அவ்வளவையும் அப்படியே செய்தார் இவர். கணக்கப்பிள்ளையும் சபையில் இருந்தார். எல்லாரும் சிரிக்க, அவரும் சிரித்தார். மறுநாள் பெரட்டில் இவரை ஏறவே முடியாத மேட்டு மலைக்கு அனுப்பினார். மூன்று மாதம். ஸ்டோர் அக்கா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினார். அடுத்த நாடகத்தில் கணக்கப்பிள்ளை இரண்டு மடங்கு மூக்கை உறிஞ்சினார்.

இப்படி ஒன்பது பத்து வருடம். உடைந்த யன்னல்களுக்குச் சாக்குக் கட்டினார்கள். கூரை ஒழுகிய இடத்தில் தகரம் செருகினார்கள். மழைக்காலத்தில் தரை ஊறாதபடி வாரம் ஒருதரம் கூட்டித் துடைத்தவர் ஸ்டோர் அக்கா. கூலி கொடுத்த காலத்தில் கூட்டியதைவிட நன்றாகக் கூட்டினார்.

நான் ஒவ்வொரு ஞாயிறும் போவேன். அங்கே சந்தோஷமாக இருந்தேன் என்பது உண்மை. அங்கே இருந்த ஒவ்வொரு நிமிடமும் படியில் துரையின் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிவைத்திருந்தேன் என்பதும் உண்மை. சமாதானப் பேச்சு தொடங்கிய காலத்தில் நாடெங்கும் ஒரு நல்ல காற்று வீசுவதுபோல இருந்தது. வெளிநாட்டு உதவிகள், கலாசாரத் திட்டங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நான் இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினேன். கம்பெனித் தலைமைக்கு. கட்டடத்தின் வயது, தரைப்பலகையின் தரம், மாடியின் அளவு, யன்னல்களின் எண்ணிக்கை, பெண்களின் நாடகம், எல்லாவற்றையும் எழுதினேன். 'இந்த யன்னல்கள் வானத்தையே உள்ளே அழைக்கின்றன' என்று ஒரு வரி. அந்த வரியில் எனக்குப் பெருமை. இதைச் சட்டப்படி மக்களின் கலைக்கூடமாக்கித் தரவேண்டும் என்று முடித்தேன். கடைசிப் பந்தியில், இதேபோல டிஸ்பென்சரி உட்பட இன்னும் மூன்று பழைய கட்டடங்கள் தோட்டத்தில் சும்மா கிடக்கின்றன என்றும் சேர்த்தேன்.

ஸ்டோர் அக்காவிடம் சொல்லவில்லை. கிடைத்தபிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

நாலு மாதத்தில் ஜீப் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர், கம்பெனி அதிகாரி ஒருவர், உதவி தரும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண். கட்டடக்கலைஞர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நடந்தார். தொட்டிகளைத் தடவிப் பார்த்தார். நல்ல மனிதர்கள்தான். அடுத்த ஞாயிறு எல்லாரையும் மாடிக்கு அழைத்துக் கூட்டம் வைத்தார்கள். அதிகாரி இங்கிலீசில் பேச, நான் தமிழில் சொன்னேன். கட்டடம் திருத்தப்படும், சமூகக் கலை மையமாகும், எல்லாருக்கும் உரியது, இரண்டு வருடத்துக்குப் பாதுகாப்புக்காக மூடிவைக்கவேண்டும். சனம் கைதட்டியது.

பிறகு அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இந்தக் கட்டடத்தின் பெறுமதியை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் உங்கள் ஆசிரியர்தான், அவருடைய கடிதம் வரும்வரை எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே நினைவில்லை என்றார். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். ஆனால் கணக்கப்பிள்ளைக்குக் கொஞ்சம் இங்கிலீஸ் தெரியும்.

"அத விட்டுட்டீங்களே மாஸ்டர்," என்றார் அவர். "நீங்க எழுதுன கடுதாசியாலதான் வந்தோம்னு சொல்றாரு."

கூட்டம் முடிந்ததும் ஸ்டோர் அக்கா ஜீப்புக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் போனபின், கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எழுதிக் கேட்டீங்களா மாஸ்டர்?"

"ஓமக்கா. நல்லதுக்குத்தான் எழுதினனான். நாளைக்கு ஆரும் வந்து எழும்பு எண்டு சொல்லேலாதெல்லோ."

"இத்தன நாளும் யாரும் சொல்லலியே."

"சொல்லியிருப்பினம். எப்பவாவது."

"அப்ப அதப் பாத்துக்கிருவோம்." ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "கம்பெனிகிட்ட அனுமதி கேக்குறோம்னு எழுதுனாலே, இது கம்பெனியோடதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி மாஸ்டர். படிச்ச ஒங்களுக்கு அது தெரியலியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இரண்டு வருடம் மூன்றரை வருடமானது. திருத்தி முடித்தபோது அது மிக அழகாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். யன்னல் முழுக்கப் புதுக் கண்ணாடி. பளபளக்கும் தரை. பெட்டிப் பலகைகளை அகற்றி, தொட்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒவ்வொன்றின் மேலும் மூன்று மொழியில் விளக்கம் வைத்திருந்தார்கள். வாசலில் கொடுத்த விளம்பரத் தாளின் முதல் வரி, வானத்தையே உள்ளே அழைக்கும் யன்னல்கள் என்றிருந்தது. நன்றிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அதை வெட்டிக் கொஞ்சக்காலம் வைத்திருந்தேன்.

திறப்பு விழாவன்று காலையிலிருந்து தூறல். ஸ்டோர் அக்கா மஞ்சள் சேலை உடுத்து, தலையில் பூ வைத்து வந்தார். முன்வாசலில் நின்ற காவலாளி வெளியூர்க்காரன். அவருடைய காலைப் பார்த்தான். வெறுங்கால், தோட்டத்துச் சேறு.

"தரை பழுதாயிரும். காலக் கழுவிக்கிட்டு வாங்க. அங்கிட்டு பைப் இருக்கு."

யாருக்கும் அவன் அதைத்தான் சொல்லியிருப்பான். நான் இரண்டடி பின்னால், சப்பாத்தோடு நின்றேன். இவர் யாரென்று தெரியுமா என்று அவனிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஸ்டோர் அக்கா திரும்பி நடந்துவிட்டார். பைப் இருந்த பக்கம் போகவில்லை. லயத்துக்கு இறங்கும் பாதையில் போனார்.

மண்டபத்தில் நாடகம் போடுவதற்கு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். நான்தான் விடாமல் அவரை நச்சரித்தேன். எனக்கு அது வெற்றியாகவேண்டும் என்ற அவசரம். கடைசியில், "ஒங்களுக்காக வாறேன்" என்று ஒருநாள் என்னோடு மையத்தின் கந்தோருக்கு வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. ஒரு கந்தோரில் அவர் நின்றுகொண்டே பேசியதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பொறுப்பாளர் கொழும்புப் பெண், மரியாதையானவர். விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கம் கேட்டிருந்தது. இல்லாதவர்களுக்கு மண்டபம் கொடுக்கமுடியாது, காப்புறுதிப் பிரச்சினை என்றார். என் இலக்கத்தைப் போடலாமா என்றேன். போடலாம், ஆனால் நாடகத்தின் சுருக்கம் இங்கிலீசில் வேண்டும் என்றார். கொழுந்து நிறுவையைப் பற்றியது என்றதும் முகம் சுருங்கியது. கம்பெனியும் இதில் பங்காளி அல்லவா? அதைவிட, சனிக்கிழமைகளில் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், கூடையோடு ஆடும் ஒரு கொழுந்து நடனம் செய்யலாமே, பாரம்பரியமாக இருக்கும் என்றார்.

வெளியே வந்ததும் ஸ்டோர் அக்கா காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். "பாவம், அந்தப் புள்ள என்னா செய்யும்" என்றார்.

அவரோடு நாடகம் போட்ட பெண்கள் கொழுந்து நடனத்துக்குப் போனார்கள். மலையில் ஒருவரும் உடுத்தாத மாதிரிச் சேலையைக் கட்டி, தேயிலையே படாத புதுக் கூடையைத் தலையில் மாட்டி, சிரித்துக்கொண்டு ஆடினார்கள். அவர் தடுக்கவில்லை. "போங்கடி, ஆளுக்கொரு சீல கெடைக்கும்ல" என்று அவரே அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் பழைய டிஸ்பென்சரியைத் திறந்தார். பாதிக் கூரை விழுந்து, வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த சின்னக் கட்டடம். ஒரு ஞாயிறு பகல் நாலு பெண்களோடு போய், பூட்டை உடைத்து, கூட்டத் தொடங்கினார். அரை மணித்தியாலத்தில் காவலாளிகள் வந்துவிட்டார்கள். பழைய கட்டடங்களுக்கு விலையுண்டு என்று கம்பெனிக்கு இப்போது தெரியும். விடுதியாக்குவதற்காக அந்த மூன்றையும் பட்டியலிட்டுக் காவல் போட்டிருந்தார்கள். எந்த மூன்று என்பது என் கடிதத்தின் கடைசிப் பந்தியில் இருக்கிறது.

மற்றவர்களை விட்டுவிட்டார்கள். பூட்டை உடைத்தது தான்தான் என்று சொன்ன ஸ்டோர் அக்காவைப் பொலிசில் ஒப்படைத்தார்கள். அந்த நேரம் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. பூட்டை உடைத்த வழக்கு பெரிதில்லை. அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பெண் என்பதுதான் பெரிதாகிவிட்டது. மறுநாள் மூன்று பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார்கள்.

"எந்த ஊருக்காரி, எங்கிருந்து வந்தான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம் மாஸ்டர். தோட்டத்து ஆளுதான்னு யாராச்சும் பெரிய ஆளு வந்து சொல்லணுமாம். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

என் சட்டைப்பையில் என் அடையாள அட்டை இருந்தது. பிறந்த ஊர் அதில் மாறவில்லை.

"நான் வந்தால் அவவுக்குத்தான் கூடப் பிரச்சினை," என்றேன். அது பாதி உண்மை. "நான் ஒரு கடிதம் தாறன். பள்ளிக்கூட முத்திரை குத்தித் தாறன்."

எழுதினேன். கையெழுத்திட்டேன். முத்திரை குத்தினேன். அவர்கள் அதை வாங்கி, வாசிக்கத் தெரியாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க வரலியா?" என்று ஒருத்தி மறுபடியும் கேட்டாள்.

மணியடித்தது. வகுப்புக்குப் போனேன்.

பொலிசுக்குப் போனவர் கணக்கப்பிள்ளை. ஓய்வு பெற்று, நெஞ்சுவருத்தக்காரராக இருந்தார். இரண்டு நாள் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தாராம். இவளுடைய அப்பனை எனக்குத் தெரியும், இவள் முதல்நாள் ஸ்டோருக்கு வேலைக்கு வந்தபோது பேர் பதிந்தது என் கையால், இவள் எங்கேயிருந்தும் வரவில்லை என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பள்ளிக்கூட யன்னலால் பார்த்தேன். என் கடிதத்தை யாரும் பிரிக்கவேயில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் என்னோடு பேசாமலிருக்கவில்லை. வழியில் கண்டால் "சாப்பிட்டீங்களா மாஸ்டர்" என்பார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால், வேலை இருக்கிறது என்று போய்விடுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பகல், லயத்து முற்றத்தில் நாலு கம்பு நட்டு மேலே கூரையாக நீலப் படங்கு கட்டி, நாடகம் போட்டார்கள். கொழுந்து நடனத்துக்குப் போன பெண்களும் இருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசையில், கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

கதை இதுதான். ஒரு லயம் தீப்பற்றி எரிகிறது. உள்ளே ஆட்கள். சனம் குடத்தோடு ஓடுகிறது. அப்போது வெள்ளைச் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா செருகி, கம்பியால் செய்த கண்ணாடி மாட்டி ஒருவர் வருகிறார். ஸ்டோர் அக்கா. வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, தாளை விரித்து, பேனாவை இரண்டுதரம் உதறினார். நான் பேனாவை உதறுவேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"பொறுங்கோ, பொறுங்கோ. ஒருத்தரும் தண்ணி ஊத்தவேண்டாம். முதல் ஆருக்கு எழுதிறதெண்டு பாப்பம்."

அச்சு அசலான யாழ்ப்பாணத் தமிழ். என் 'ற'கரம், என் இழுவை, வசனத்தின் முடிவில் நான் தொண்டையைச் செருமுவது உட்பட. உள்ளேயிருந்து ஒருத்தி ஐயோ என்று கத்த, "பிள்ளை, உம்மட முழுப்பேரைச் சொல்லும்" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். கணக்கப்பிள்ளை இருமி இருமிச் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், நான் என்ன செய்கிறேன் என்று. ஸ்டோர் அக்கா மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

நானும் சிரித்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி, கையைத் தட்டிச் சிரித்தேன்.

மறுநாள் காலை இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். மூன்று கிழமையில் கிடைத்துவிட்டது.